கொச்சுஜாங் பிஸ்கோத்தி முதல் கறுப்பு எள் அமரெத்தி வரை: குக்கீ சொதப்பினால் எங்கே பார்ப்பது?

இத்தாலியக் குக்கீ மாவில் கொரியச் சுவையைச் சேர்க்கும்போது வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன. சுவைக்காகப் போட்ட பொருள் தனியாக வருவதில்லை. கூடவே தண்ணீரையோ சர்க்கரையையோ உப்பையோ எண்ணெயையோ கூட்டிக்கொண்டு வருகிறது. கொச்சுஜாங் மிளகாய் விழுதில் ஈரமும் இனிப்பும் இருக்கின்றன. ட்வென்ஜாங் சோயா விழுதில் உப்பு, கறுப்பு எள்ளில் எண்ணெய், யுஜா என்ற எலுமிச்சை வகைப் பழத்தைச் சர்க்கரையில் ஊறவைத்த யுஜாச்சோங்கில் பாகு. இத்தாலியச் செய்முறைகளோ நான்கைந்து பொருளில் கணக்காக முடிந்துவிடுபவை. கூடுதலாக வந்ததை எங்காவது கழித்தாக வேண்டும்.

திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை அறிகுறிப்படி கீழே பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். அந்த வரிசையிலேயே பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். முழு ட்ரேயையும் உள்ளே தள்ளுவதற்கு முன் ஒரே ஒரு குக்கீயைச் சுட்டுப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போகும், ஆனால் மாவு மொத்தமும் பிழைக்கும்.

## எதற்கும் முன்னால்: கப், கரண்டி, பாக்கெட்

கொரியச் செய்முறையில் ஒரு கப் என்றால் 200 மில்லி. அமெரிக்கச் செய்முறையில் அது சுமார் 240 மில்லி. இரண்டு கப் மாவில் இந்த வித்தியாசம் 40 கிராம் அளவுக்கு வந்துவிடும். குக்கீ ஓடுவதற்கும் கல்லாவதற்கும் அதுவே போதும். கொரிய வீட்டுக் குறிப்புகளில் வரும் கரண்டியும் பல நேரம் சாப்பிடுகிற கரண்டிதான், 15 மில்லி அளவுக்கரண்டியை விடக் குறைவாகவே பிடிக்கும்.

இத்தாலியக் குறிப்புகள் கிராமில் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அங்கே 'அரைப் பாக்கெட்' என்று வரும். முழுப் பாக்கெட் என்பது 16 கிராம் பேக்கிங் பவுடர், சுமார் அரை கிலோ மாவுக்கானது. அதைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். பலவற்றில் வனிலா வாசனையும் கலந்திருக்கும். பார்மிஜானோ சீஸும் கொச்சுகாரு மிளகாய்த் தூளும் போடும் உப்புக் குக்கீக்கு அந்தப் பாக்கெட் ஆகாது.

சமையல் தராசு இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். கீழே உள்ள கோளாறுகளில் பாதி அதோடு நின்றுவிடும்.

## அறிகுறி: குக்கீ பரவி ஓடி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது

வெண்ணெய் மாவில் கொச்சுஜாங் அல்லது யுஜாச்சோங் சேர்த்தவர்களுக்கு வரும் முதல் புகார் இது.

மாவைத் தொட்டால் விரலில் நெய்ப்பளபளப்பு ஒட்டுகிறதா? வெண்ணெய் உருகத் தொடங்கிவிட்டது. மாவை உருண்டைகளாக்கி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மாவை மொத்தமாக வைத்துவிட்டு அப்புறம் உருட்டினால் கைச்சூட்டில் மறுபடி இளகும், வைத்த பலன் போய்விடும்.

முதல் ட்ரே நன்றாக வந்து இரண்டாவது மட்டும் ஓடுகிறதா? சூடான ட்ரேயில் மாவை வைத்திருக்கிறீர்கள். ட்ரே முழுக்க ஆறட்டும். ட்ரேக்கு வெண்ணெய் தடவும் பழக்கமிருந்தால் அதையும் விடுங்கள், பட்டர் பேப்பர் போதும்.

இரண்டுமே இல்லை, மாவு குளிர்ச்சியாக இருந்தும் ஓடுகிறதா? விழுதின் அளவைப் பாருங்கள். 200 கிராம் மைதாவுக்கு 20 கிராம் கொச்சுஜாங், அதாவது ஒரு மேசைக்கரண்டி, மாவு தாங்கும். அதற்கு மேல் போனால் சர்க்கரையை 15 கிராம் குறைத்து, மாவை 15 கிராம் கூட்டுங்கள். கடையில் கிடைக்கும் கொச்சுஜாங் டப்பாவின் பொருள் பட்டியலில் சோளப் பாகோ அரிசிப் பாகோ முதலிடத்தில் இருந்தால் அது கிட்டத்தட்ட பாகுதான். அந்த வகைக்கு இந்தத் திருத்தம் கட்டாயம்.

விழுதை மாவோடு பிசைந்துவிடாமல் கடைசியில் கோடுகோடாக மடித்துச் சேர்ப்பது இன்னும் நல்லது. இரண்டு மடிப்பு, அதிகம் போனால் மூன்று. மாவில் சிவப்புக் கோடு தனியாகத் தெரிய வேண்டும். எல்லாம் கலந்து ஆரஞ்சு நிறமாகிவிட்டால் ஈரம் மாவு முழுக்கப் போய்விட்டது என்று பொருள்.

மாவு, விழுது எல்லாம் சரி, ஆனாலும் ஓடுகிறதா? ஓவன் போதிய சூட்டில் இல்லை. வெளிப்பக்கம் கெட்டியாவதற்கு முன் வெண்ணெய் உருகி வழிகிறது. ஓவன் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி: வெளியே கருகல், உள்ளே பச்சை மாவு

கொச்சுஜாங், தேன், ஜோச்சோங் என்ற தானியப் பாகு, இவற்றில் எது இருந்தாலும் குக்கீ சீக்கிரம் சிவக்கும். 'பொன்னிறமானதும் எடுங்கள்' என்ற குறிப்பை நம்பி எடுத்தால் நடு வெந்திருக்காது. நடு வேகட்டும் என்று விட்டால் ஓரம் கசக்கும். ஆகவே இந்த மாவுகளில் நிறத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஓரம் விறைப்பாகவும் நடு லேசாக அமுங்குவதாகவும் இருந்தால் எடுத்து, ட்ரேயிலேயே ஐந்து நிமிடம் விடுங்கள். மீதி அங்கே வேகும்.

அடி மட்டும் கருகினால்: ட்ரேயின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு ட்ரே அதிகச் சூட்டை வாங்கும். வெளிர் நிற ட்ரேக்கு மாறுங்கள், அல்லது ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ட்ரே வையுங்கள். தட்டு கீழ் அடுக்கில் இருந்தால் நடு அடுக்குக்கு ஏற்றுங்கள்.

மேல் மட்டும் கருகினால்: 180 டிகிரியை 165 ஆக்கி நேரத்தை மூன்று நான்கு நிமிடம் கூட்டுங்கள். மின்விசிறி ஓடும் ஓவனாக இருந்தால் சாதாரண ஓவனுக்கான குறிப்பிலிருந்து 20 டிகிரி குறைப்பது வழக்கம். அதைச் செய்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

சிவப்புக் கோடுகள் மட்டும் கருகினால்: விழுது மாவுக்கு மேலே நேரடியாகச் சூட்டில் படுகிறது. உருட்டும்போது கோட்டை உள்பக்கம் மடியுங்கள். மேலே அழகுக்குச் சிவப்பு வேண்டுமானால் சுட்டு முடித்த பிறகு கொச்சுகாரு தூவுங்கள். சூட்டில் அது சட்டென்று கருத்துவிடும்.

கறுப்பு எள் மாவாக இருந்தால்: கருகியதா இல்லையா என்று கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. கூடவே எள் போடாத வெறும் மாவில் ஒரு சின்ன உருண்டையை அதே ட்ரேயின் ஓரத்தில் வைத்துவிடுங்கள். அதன் நிறத்தைப் பார்த்து மற்றவற்றை எடுக்கலாம். கறுப்பு எள் குக்கீக்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

## அறிகுறி: பிஸ்கோத்தி வெட்டும்போது உதிர்கிறது

பிஸ்கோத்தியை இரண்டு முறை சுட வேண்டும். முதலில் நீளக் கட்டையாக 175 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம், பிறகு துண்டுபோட்டு 150 டிகிரியில் பக்கத்துக்கு 10 நிமிடம். உதிர்வதற்கான காரணம் கிட்டத்தட்ட எப்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும்.

கட்டை முழுக்க ஆறிவிட்டதா? ஆறினால் கண்ணாடி போல நொறுங்கும். வெளியே எடுத்து 10 முதல் 15 நிமிடத்துக்குள், கை தாங்கும் சூட்டில் வெட்டுங்கள். தாமதமாகிவிட்டால் கட்டையின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் விடுங்கள், தோல் இளகிக்கொடுக்கும்.

கத்தி எது? பல் வைத்த ரொட்டிக் கத்தி. மேல்தோலை மட்டும் மெல்ல அறுத்து, அது பிளந்த பிறகு ஒரே அழுத்தாகக் கீழே இறக்குங்கள். முழுவதும் அறுத்துக்கொண்டே போனால் நடுவில் இருக்கும் பாதாம் இழுபட்டுக் கட்டையைக் கிழிக்கும்.

கத்தியும் சூடும் சரியாக இருந்தும் உதிர்கிறதா? கோங்காரு போட்டிருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். வறுத்த சோயாவின் இந்த மாவு ஈரத்தை உறிஞ்சும், மைதாவைப் போலப் பிடித்து நிறுத்தாது. மொத்த மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள். அதற்கு ஈடாக ஒரு முட்டை மஞ்சள் கருவோ ஒரு மேசைக்கரண்டி பாலோ சேர்க்கலாம். கோங்காருவின் வாசனை இன்னும் தூக்கலாக வேண்டுமென்றால், மீதியை மாவில் திணிக்காமல் சுட்ட பிஸ்கோத்தியின் மேல் தூவுங்கள். இஞ்சொல்மி அரிசிக் கேக்கில் அது மேலேதான் இருக்கும், வாசனையும் அங்கேதான் முழுதாகத் தெரியும்.

ஜுஜுபி பழத்தை முழுதாகப் போட்டிருந்தாலும் அந்த இடத்தில் கட்டை விட்டுவிடும். கொட்டையை நீக்கிப் பொடியாக நறுக்கிப் போடுங்கள்.

## அறிகுறி: மொறுமொறுப்பு மறுநாளே போய்விடுகிறது

சூடாக டப்பாவில் அடைத்தீர்களா? அதுதான் முதல் காரணம், பெரும்பாலும் ஒரே காரணம். கம்பி வலையில் ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும்.

ஆறவைத்தும் இளகினால் இரண்டாவது சுடலை நீட்டுங்கள். ஒரு துண்டை எடுத்து ஆறவைத்து உடைத்துப் பாருங்கள். ஓரத்தில் 'டக்' என்றும் நடுவில் சத்தமில்லாமலும் உடைந்தால் உள்ளே ஈரம் மீதி இருக்கிறது. 150 டிகிரியில் இன்னும் எட்டு நிமிடம் வையுங்கள். ஏற்கெனவே இளகிப்போன பிஸ்கோத்தியையும் இப்படியே மீட்கலாம்.

அப்புறமும் இளகினால் யுஜாச்சோங், தேன் இவற்றைப் பாருங்கள். இவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். யுஜாச்சோங்கை அப்படியே கரண்டியில் அள்ளிப் போடாமல், வடிகட்டித் தோலை மட்டும் எடுத்து, பாகை ஒற்றியெடுத்து நறுக்கிப் போடுங்கள். வாசனை முழுக்க அந்தத் தோலில்தான் இருக்கிறது. வடித்த பாகை வெந்நீரில் கலக்கிக் குடித்துவிடலாம், அது உண்டானதே அதற்காகத்தானே!

ரிக்கோத்தா என்ற ஈரமான மென்சீஸ் போட்ட குக்கீ மெத்தென்றுதான் இருக்க வேண்டும், அதில் மொறுமொறுப்பைத் தேடாதீர்கள். ஆனால் நடு களியாக இருந்தால் ரிக்கோத்தாவைத் துணியில் கட்டி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வடியவிடுங்கள்.

## அறிகுறி: அமரெத்தி உப்பவில்லை, மேலே வெடிப்பு விழவில்லை

அமரெத்தியில் மைதா கிடையாது. பாதாம் மாவு, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான். தாங்கிப்பிடிக்க ஆள் குறைவு என்பதால் எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் படுத்துவிடும். கறுப்பு எள்ளின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய்தான்.

எள்ளை எப்படி அரைத்தீர்கள்? மிக்ஸியில் தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும். செய்முறையில் உள்ள சர்க்கரையிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து எள்ளோடு போட்டு, விட்டுவிட்டு ஓட்டுங்கள். விரலால் தேய்த்தால் பொடி உதிர வேண்டும். விரல் கறுப்பாகப் பளபளத்தால் பொடிப் பதத்தைக் கடந்துவிட்டது. அதை வெண்ணெய்க் குக்கீக்கு ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிதாக அரையுங்கள்.

அளவு? 200 கிராம் பாதாம் மாவில் 40 கிராமை எடுத்துவிட்டு அதற்குப் பதில் எள்ளுப்பொடி. இதற்கு மேல் ஏற்றினால் வெடிப்பு கிடைக்காது.

உருட்டிய உடனே சுட்டீர்களா? ஐசிங் சர்க்கரையில் தாராளமாகப் புரட்டி, மேல்பக்கம் உலரும்வரை அரை மணி, முக்கால் மணி வெளியே விடுங்கள். உலர்ந்த மேல்தோல்தான் உள்ளே மாவு எழும்பும்போது வெடிக்கிறது.

வெள்ளைக்கரு நிற்கவே இல்லையா? பாத்திரத்தில் மஞ்சள் கருவோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்திருக்கும். எலுமிச்சைத் துண்டால் பாத்திரத்தைத் துடைத்துவிட்டு வேறு முட்டை எடுங்கள்.

## அறிகுறி: சுவை சரியில்லை

உப்புக் கரிக்கிறது. ட்வென்ஜாங்கில் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உப்பு இருக்கும். அதைப் போட்டால் செய்முறையில் உள்ள உப்பை முழுக்க விட்டுவிடுங்கள், வெண்ணெயும் உப்பில்லாததாக இருக்கட்டும். பார்மிஜானோவும் ட்வென்ஜாங்கும் ஒரே மாவில் சேர்ந்தால் எந்த அளவுத் திருத்தமும் உதவாது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால் சீஸுக்கு கொச்சுகாரு, ட்வென்ஜாங்குக்கு வறுத்த ஹேசல்நட். ஹேசல்நட்டின் இனிப்பு ட்வென்ஜாங்கின் கடுமையான உப்பை அழகாக அணைத்துப்போகும்.

விழுதின் பச்சை வாசனை தூக்குகிறது. கொச்சுஜாங்கை ஒரு கரண்டி வெண்ணெயில் சிறு தீயில் ஒன்றிரண்டு நிமிடம் கிளறி, நிறம் சற்று ஆழமானதும் இறக்கி ஆறவையுங்கள். இந்தச் சின்ன வேலையால் குக்கீயே மாறிவிடும்.

காரமே தெரியவில்லை. விழுதைக் கூட்டாதீர்கள், மறுபடி பரவி ஓடும். வெண்ணெயும் சர்க்கரையும் காரத்தை அமுக்குகின்றன. பொடியான கொச்சுகாரு அரைக் கரண்டி சேர்த்தால் ஈரம் கூடாமல் காரம் வரும். சூடாக இருக்கும்போது ருசி பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஆறியபின் பாருங்கள்.

எள் கசக்கிறது. சுடுவதற்கு முன்பே நான்கு எள்ளை வாயில் போட்டு மென்று பாருங்கள். பழைய எண்ணெய் நெடி அடித்தால் எள்ளே கெட்டுவிட்டது, குப்பைக்குத்தான். நெடியில்லாமல் கசந்தால் அதிகம் வறுத்துவிட்டது. அரைத்து விற்கும் எள்ளுப்பொடி முழு எள்ளை விடச் சீக்கிரம் கெடும் என்பதால் முழு எள்ளாக வாங்கி ஃபிரீசரில் வையுங்கள்.

அமோனியா நெடி அடிக்கிறது. சிசிலியின் எள் குக்கீ போன்ற பழைய இத்தாலியச் செய்முறைகள் சிலவற்றில் பேக்கிங் பவுடருக்குப் பதில் பேக்கர்ஸ் அமோனியா வரும். மெல்லிசான, முழுக்க உலரும் குக்கீயில் அந்த நெடி வெளியேறிவிடும். நீங்கள் அதைத் தடிமனாகவோ நடுவில் மெத்தென்றோ செய்தால் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மெல்லிசாக்கி முழுக்க உலர்த்துங்கள், இல்லையென்றால் பேக்கிங் பவுடருக்கு மாறுங்கள்.

கிரீன் டீ பச்சை பழுப்பாகிவிடுகிறது. சூட்டை 160-க்கு இறக்கி, பாதி நேரத்துக்குப் பின் மேலே அலுமினியத் தாள் மூடுங்கள். அதே மாவில் யுஜாவோ எலுமிச்சைச் சாறோ இருந்தால் எடுத்துவிடுங்கள், புளிப்பு பச்சை நிறத்தை மங்கவைக்கும்.

## அறிகுறி: நடுவில் வைத்த அரிசிக் கேக் கல்லாகிறது, அல்லது வெடித்து ஒழுகுகிறது

கல்லானால் மாவு வகையைப் பாருங்கள். சாதாரண அரிசி மாவில் செய்த தொக், அதாவது கொரிய அரிசிக் கேக், ஆறியதும் இறுகிவிடும். சப்சல் என்ற ஒட்டரிசி மாவுதான் குக்கீக்குள் மெத்தென்று நிற்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் அதுவும் இறுகும், அதனால் வெளியே வைத்து ஓரிரு நாளில் முடியுங்கள், அல்லது ஃபிரீசரில் வையுங்கள். இறுகியதை மைக்ரோவேவில் பத்து நொடி வைத்தால் மீளும்.

ஒழுகினால், நடுவில் வைக்கும் உருண்டையை முன்கூட்டியே ஃபிரீசரில் கெட்டியாக்கி, மாவால் மூடியபின் மடிப்பு அடிப்பக்கம் வருமாறு வையுங்கள்.

## ஓவனைச் சந்தேகப்படும் கட்டம்

மாவில் எல்லாம் சரி, ஆனால் ஒரே செய்முறை ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது என்றால் மட்டும் இங்கே வாருங்கள்.

உள்ளே வைக்கும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி நடு அடுக்கில் வையுங்கள். 180-இல் 20 நிமிடம் சூடாக்கி, அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை என மூன்று முறை பாருங்கள். எப்போதும் 15 டிகிரி குறைவு என்றால் ஓவனில் வேலை எதுவும் வேண்டாம், திருகை 15 டிகிரி கூட்டி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் சிவக்கிறதா என்று அறிய கம்பித் தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளை அடுக்கிச் சில நிமிடம் வையுங்கள். எங்கே கருகுகிறதோ அங்கேதான் அதிகச் சூடு. சுடும் நேரத்தின் பாதியில் ட்ரேயைத் திருப்பினால் போதும்.

அளவு 30, 40 டிகிரி ஏறியும் இறங்கியும் போனால் தெர்மோஸ்டாட்டோ சென்சாரோ போயிருக்கலாம். ஓவன் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கதவு ரப்பர் கிழிந்திருந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். கேஸ் வாசனை, தீப்பொறி, தொட்டால் ஷாக், இவற்றில் ஒன்று வந்தாலும் இந்தச் சோதனை எதையும் செய்யாதீர்கள். ஷாக், தீப்பொறி என்றால் பாதுகாப்பாக எட்டும் தூரத்திலிருந்து மின்சாரத்தை மெயினில் நிறுத்துங்கள். கேஸ் வாசனை என்றால் எந்த சுவிட்சையும் தொடாமல் கேஸை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து கூப்பிடுங்கள்.

## கோளாறு குக்கீயில் இல்லாமல் உடம்பில் தெரிந்தால்

பைன் கொட்டை இத்தாலியிலும் உண்டு, கொரியாவிலும் உண்டு. இந்தக் குக்கீகளுக்கு அது இயல்பாகப் பொருந்தும். ஆனால் சாப்பிட்டு ஒன்றிரண்டு நாளில் எதைத் தின்றாலும் வாயில் உலோகக் கசப்பு வந்தால் அது சீனப் பைன் வகை ஒன்றோடு தொடர்புள்ளதாகச் சொல்லப்படும் விளைவு. சில நாளிலிருந்து சில வாரத்தில் தானாகவே போய்விடும். மீதிக் கொட்டையைப் பயன்படுத்தாதீர்கள்.

அமரெத்தியின் கசப்பு வாசனைக்காகப் பச்சை ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பை வீட்டில் அரைத்துப் போட வேண்டாம். அதில் சயனைடு உண்டாகும். ஒரு தடவையில் மூன்று சிறிய பருப்புக்கு மேல் போனாலே பெரியவருக்குப் பாதுகாப்பு வரம்பு தாண்டிவிடலாம், சின்னக் குழந்தைக்கு ஒன்றே போதும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் எச்சரித்திருக்கிறது. பாதாம் எசன்ஸ் சில சொட்டு போதும். யாராவது அந்தப் பருப்பைத் தின்றுவிட்டுத் தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் என்றால் உடனே மருத்துவமனை.

எள், சோயா, பாதாம், கோதுமை, முட்டை, பால் என்று ஒவ்வாமை தரும் பொருள்கள் பல இந்தக் குக்கீகளில் ஒன்றுசேர்கின்றன. கொச்சுஜாங்கிலேயே சோயாவும், பல தயாரிப்புகளில் கோதுமையும் இருக்கும். பிறருக்குக் கொடுக்கும்போது டப்பாவின் மேல் பொருள் பட்டியலை முழுதாக எழுதி ஒட்டுங்கள். சாப்பிட்டவருக்கு உதடு வீங்கினாலோ தொண்டை அடைத்தாலோ காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.